சல்லடை அண்ணாச்சியின் கொசுவக் கணக்கு

சிவகாசியில் எல்லோரும் நெருப்புக்குப் பயப்படுவார்கள். தூசிக்குப் பயந்த ஒரே மனிதர் சல்லடை அண்ணாச்சிதான். அவர் வீட்டுக்குள் காற்றுகூட கைகால் கழுவிக்கொண்டுதான் வரும் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வீட்டு மாடியில் குடியிருந்தவன் நான். எனக்கு நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. ‘எட்டி நின்று பற்ற வைக்கவும்’ என்பது ‘ஒட்டி நின்று பற்ற வைக்கவும்’ என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அண்ணாச்சிக்குச் சல்லடை வியாபாரம். பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து சலிக்கும் பித்தளை வலைச் சல்லடைகளை அவர்தான் சப்ளை செய்தார். தாயில்பட்டியிலிருந்து அச்சங்குளம் வரைக்கும் அவர் சல்லடை போகாத கம்பெனி கிடையாது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘சல்லடை’ என்று பெரிதாகப் போட்டு, அடைப்புக்குறிக்குள்தான் அவர் பெயரைப் போடுவார்கள்.

“மருந்துல ஒரு மணல் கெடந்தாப் போதும் தம்பி, உரசும். உரசுனா அம்புட்டுத்தான்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். அந்தப் பேச்சில் அவர் விளையாடி நான் பார்த்ததில்லை.

ஆனால் கடையில் விட்டுவிட்டு வர வேண்டிய தொழிலை மனிதர் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு மல்துணி வெளியே வரும். டீக்கடைக்காரர் வடிகட்டியதை இவர் இன்னொரு முறை வடிகட்டுவார். ஒருமுறை கோயிலில் பூசாரி கொடுத்த விபூதியை நெற்றிக்குக் கொண்டுபோகாமல் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசிப் பார்த்தார்.

“சாமி, இது நாப்பதாம் நம்பர் சல்லடையில சலிச்சது. அறுபதுல போட்டா இன்னும் நைசா எறங்கும். ஒண்ணு கொண்டாந்து தரட்டா?”

பூசாரி தீபாராதனைத் தட்டை அவர் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, “சாமி கண்ணைக் குத்திரும், நகருங்க அண்ணாச்சி” என்றார்.

இப்படிப்பட்டவர் வாசலில் ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. மதுரைப் பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன கார். நல்ல சிவப்பு. தரையோடு தவழும் உயரம். இரண்டே சீட்டு. பையன் கோயம்புத்தூரில் கைதேர்ந்த ஆள் யாரிடமோ கொடுத்து என்ஜினை முறுக்கேற்றி வைத்திருந்தான். அதை ஸ்டார்ட் செய்தால் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்ட மாதிரி இருக்கும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சரக்கு வாங்க வந்திருந்த வெளியூர் ஏஜென்ட் ஒருவர் எதிர்ப் பட்டாசுக் கடைக்குள்ளிருந்து ஓடி வந்து, “இது என்ன ஐட்டம்? புதுசா? கேஸ் என்ன ரேட்?” என்று கேட்டார்.

கார் ஓட்டும் ஆசையெல்லாம் அண்ணாச்சிக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை. மெக்கானிக் காளிதான் அந்தக் காரைப் பார்க்கப் போனவன், அண்ணாச்சி சும்மா துணைக்குப் போனார். அவன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு தகர டப்பாவைத் தட்டி, “ஆயில் பில்டர் வெளிநாட்டு அயிட்டம் அண்ணாச்சி” என்றான். என்ஜினைச் சுற்றி ஓடும் எண்ணெய் முழுக்க இதற்குள் நுழைந்து வடிகட்டித்தான் திரும்பிப் போகும், துரும்பு தூசியெல்லாம் இங்கே நின்றுவிடும் என்று விளக்கினான்.

“என்ஜினுக்குள்ள சல்லடையா இருக்கு?” என்றார் அண்ணாச்சி. கார் அந்த நிமிடமே அவருடையதாகிவிட்டது.

வந்தது வினை. அந்த வெளிநாட்டு ஃபில்டர் இந்தப் பக்கத்தில் எங்குமே கிடைக்காது. என்ஜினோ முறுக்கேறியது, சூடும் வேகமும் அதிகம். எண்ணெயில் கொஞ்சம் அழுக்கு ஓடினாலும் பேரிங் போய்விடும், போனால் மாற்றப் பாகமும் கிடையாது. ஆகவே மாற்று ஃபில்டர் ஒன்று கண்டுபிடித்தாக வேண்டும். அன்று ஆரம்பித்தது வேட்டை.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையத்தைக் கைச்செயின் மாதிரி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, மரையின் அளவுக்கு ஒரு நட்டையும் பையில் வைத்துக்கொண்டு, விருதுநகர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார். ஜீப்பு, டிராக்டர், வேன் என்று எதன் ஃபில்டரையும் விடவில்லை. முதலில் வளையம் உட்காருகிறதா என்று பார்ப்பார். பிறகு மரை ஏறுகிறதா என்று பார்ப்பார். கடைசியாக ஓட்டையில் வாயை வைத்து ஊதுவார். காற்று எளிதாகப் போனால், “ஓட்டைச் சல்லடை” என்று கீழே வைத்துவிடுவார். விருதுநகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் ஆளைக் காணோம். போய்த் தேடினால் எதிர்க்கடையில் ஒரு நீளமான லாரி ஃபில்டரை இரண்டு கையாலும் ஏந்தி, கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நிற்கிறார். மண்டபத்தில் மேளம் உச்சத்தில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நாதஸ்வரம் அவர்தான் வாசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, இதில் ஒரே ஒரு வருத்தம்தான். ஊர் முழுக்கச் சல்லடை பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர் வீட்டுக்குள் வந்தால் ‘ம்’ என்பதற்கு மேல் பேச மாட்டார். சரி, காராவது வந்ததே, பக்கத்தில் உட்கார்ந்து குற்றாலம் போய் வரலாம் என்று அவருக்கு ஆசை. பக்கத்துச் சீட்டில் எப்போது பார்த்தாலும் ஃபில்டர் பெட்டிகள் அடுக்கியிருக்கும்.

“ரெண்டே சீட்டு. ஒண்ணுல உங்க அண்ணாச்சி. இன்னொண்ணுல பில்டரு. நான் எங்கன உக்காரதாம்?” என்று என்னிடம் கேட்பார். அண்ணாச்சியிடம் கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அண்ணாச்சி எங்கள் பிரஸ்ஸுக்கு வந்து தொலைத்தார். பேப்பர் வெட்டும் மெஷினில் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு ஒரு ஃபில்டர் உண்டு. மாற்றுவதற்காகப் புதிது ஒன்று மேஜையில் இருந்தது. வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. மரை ஏறியது. வாயை வைத்து ஊதினார். கண் பிதுங்க ஊதினார். காற்று இம்மிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். அண்ணாச்சி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “காத்தே போகல தம்பி! இதுதான் சல்லடை!”

கூட வந்திருந்த காளி தலையிலடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, காத்தே போகலைன்னா எண்ணெய் எங்கிட்டுப் போகும்?”

“தட்டுனா எறங்கும்லே.”

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நைஸ் சல்லடையில் மருந்து இறங்காமல் அடைத்துக்கொண்டால் விளிம்பில் மெதுவாகத் தட்டுவார்கள், இறங்கிவிடும். முப்பது வருஷம் அவர் பார்த்த உலகம் அப்படித்தான் இயங்கியது. ஆகவே அந்த ஃபில்டரை மாட்டி, காரை எடுக்கும் முன் குனிந்து, ஒரு மரக்கட்டையால் பக்குவமாக நாலு தட்டுத் தட்டிவிட்டு, சாத்தூர் ரோட்டில் கிளம்பினார்.

ஊர் எல்லை தாண்டவில்லை, என்ஜினுக்கு எண்ணெய் போகவில்லை என்று காட்டும் டாஷ்போர்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. பக்கத்துச் சீட்டில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த காளி பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தான். “இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிருந்தா இந்த என்ஜினுக்குக் கருமாதிதான்” என்றான். பேப்பர் லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுக்க, ஸ்போர்ட்ஸ் கார் பஜார் வழியாக ஊர்வலம் வந்தது. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மதினியும் வாசலில் நின்று பார்த்தார்.

மதுரையிலிருந்து ஒருவர் அந்தக் காரை ஏற்கெனவே விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இந்தச் சாரலுக்கு என்னைய குத்தாலம் கூட்டிட்டுப் போயிட்டு, இதே வண்டியில சொந்தக் காலுல திரும்பணும். நடுவுல கயிறு கட்டுனா மறுநாளே மதுரைக்காரருக்குக் கொடுத்துரணும்.”

அண்ணாச்சி ‘ம்’ என்றார். ஆனால் முகம் செத்துவிட்டது. அந்தக் கார் போனால் மனிதர் ஒடிந்துவிடுவார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு அறுக்க ஆரம்பித்தார். கிடைத்த ஃபில்டரையெல்லாம் தகரத்தை வெட்டித் திறந்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை உருவி எடுத்து, எண்ணெய் போகக் கழுவி, மாடிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டார். சேலை காயப்போட வந்த மதினி இடமில்லாமல் நின்றார். கோபத்தில் இரண்டு தாளைப் பிடித்து இழுத்தவர், அவற்றை விரலில் மடித்துப் பார்த்தார்.

“ஏங்க, இது கொசுவம் மாதிரியில்ல இருக்கு?”

“ம்.”

“இந்தா, இதுல கொசுவம் நாலஞ்சுதான். இதைக் கட்டிக்கிட்டுப் பஸ்சுல ஏற முடியாது, காலு தட்டும். இதுல தாராளமா வச்சிருக்கான் பாருங்க. இதைக் கட்டுனவ ஓடிப்போயி பஸ்சைப் பிடிச்சிருவா.”

அண்ணாச்சி அப்படியே நின்றார். இரண்டு தாளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நைஸ்தான். ஒன்றில் மடிப்புக் குறைவு, மற்றதில் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஏலே காளி!” என்று மாடியிலிருந்து தெருவுக்குக் கத்தினார். “சல்லடைய மாத்த வேணாம்லே! கொசுவத்தைக் கூட்டுனாப் போதும், எண்ணெய்க்கு வழி கூடும்!”

அந்தத் தாராளக் கொசுவம் ஒரு டீசல் வேனுக்கு வரும் ஃபில்டருடையது. வளையம் சரி, மரை சரி, உயரம் மட்டும் கொஞ்சம் அதிகம். காருக்குள் ஒரு விரல் இடைவெளியில் தப்பித்தது. ஒரே ஒரு தகராறு மிச்சமிருந்தது. அதன் உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னக் கதவு ஒன்று இருந்தது. தாள் அடைத்துக்கொண்டால் அந்தக் கதவு திறந்து எண்ணெயை வடிகட்டாமலே விட்டுவிடும்.

“சலிக்காம விடுறதுக்குன்னு ஒரு கதவா? எந்தக் கூறுகெட்டவன் வச்சான்?” என்று அண்ணாச்சி கொதித்துவிட்டார்.

“கோவப்படாதீக அண்ணாச்சி. அழுக்கு எண்ணெயை என்ஜின் கொஞ்ச நேரம் தாங்கிக்கிடும். எண்ணெயே வரலைன்னா அங்கனயே முடிஞ்சது. அன்னைக்கு மாட்டுனதுல இந்தக் கதவுதான் இல்ல” என்றான் காளி.

மதினி கொடியில் சேலையை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார். “அப்படி ஒரு கதவு இந்த வீட்டுக்கும் வேணும். வாயி வரைக்கும் வார வார்த்தையை எல்லாம் சலிச்சுச் சலிச்சு, கடைசியில ‘ம்’முன்னு ஒண்ணுதான் கீழ விழுது. எனக்குச் சலிச்சுப் போச்சு.”

காளியும் நானும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணாச்சி அந்தச் சின்னக் கதவை விரலால் அழுத்தி அழுத்தித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

குற்றாலம் புறப்பட்ட அன்று பக்கத்துச் சீட்டில் பெட்டி இல்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு மதினி உட்கார்ந்திருந்தார். காளியின் பழைய ஜீப்பில் நானும் அவனும் பின்னால் போக வேண்டும், கயிறு கொண்டுவர வேண்டும் என்பது மதினியின் உத்தரவு. ராஜபாளையம் தாண்டியதும் சிவப்புக் கார் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. காளி ஜீப்பை விரட்டினான். நான் என் காலடியில் கிடந்த கயிற்றைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

புளியங்குடிக்குப் பக்கத்தில், ரோட்டோரப் புளியமரத்தடியில், பானெட் திறந்தபடி கார் நின்றது. உள்ளே தலையை விட்டுக்கொண்டு அண்ணாச்சி. மதினி மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார்.  காளி கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

“என்ன மதினி, விளக்கு எரிஞ்சிருச்சா?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்.”

“ஏன்?”

“சிவகாசியில வாயைத் தொறந்த மனுசன் தம்பி. எங்களுக்குக் கல்யாணமான நாளுலருந்து நடந்த கதையை எல்லாம் பேசிக்கிட்டே வாராக. கல்யாணத்தன்னைக்கு நான் கட்டுன சேலை என்ன கலருன்னு சொல்லுறாக. நான் கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போனப்ப இவுகளுக்குச் சோறு எறங்கலையாம், அதைச் சொல்லுறாக. இம்புட்டையும் உள்ள வச்சிருந்திருக்காக பாருங்க. எனக்குத்தான் தாங்கல, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுதேன்னு எறங்கிட்டேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசி என்றிருப்பார், நாங்கள் கேட்கவில்லை.

அண்ணாச்சி நிமிர்ந்தார். ஃபில்டரைத் தொட்டுப் பார்த்த விரலில் எண்ணெய் இல்லை என்று எங்களிடம் காட்டினார். “ஒரு சொட்டு கசியலலே” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

குற்றாலத்தில் நனைந்தோம், திரும்பினோம். கயிறு அவிழ்க்கப்படாமலே சிவகாசி வந்து சேர்ந்தது.

விஷயம் தெரியாத மதுரைக்காரர் அடுத்த வாரம் வீடு தேடி வந்துவிட்டார். அண்ணாச்சி கடையில் இருந்தார். மதினிதான் வாசலுக்குப் போனார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“காரு விக்கிறதுக்கு இல்லங்க” என்றார் மதினி. “அதை வித்துட்டா நான் எங்கன உக்காரதாம்?”

நான் அந்த ஊரை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. இப்போதும் கோயிலில் விபூதி வாங்கினால் விரல் தானாக உரசிப் பார்க்கிறது. என்ன நம்பர் சல்லடை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணாச்சி பக்கத்தில் நின்றால் தேவலை என்று இருக்கும்.