மூடுகிற சீல்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால், சக்கரமும் அல்ல, நெருப்பும் அல்ல, சீல் வைக்கிற அரக்குதான் என்பேன். 2014-இல் எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் அதன் மகிமையைக் கண்ணாரக் கண்டவன் நான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செந்தில்நாதனின் விவாகரத்து வழக்கில், "குடும்பக் கண்ணியம்" கருதி, தீர்ப்பு உட்பட எல்லா ஆவணங்களுக்கும் கோர்ட் சீல் வைத்தது. இரு தரப்பும் யாருக்கும் காட்டக் கூடாது, காட்டினால் அவமதிப்பு. மனு போட்டுக் கேட்டவரே செந்தில்நாதன்தான். மனைவியின் மானம் காக்க இப்படித் துடித்த ஆண்மகனை எந்த ஊரில் பார்க்க முடியும்? பிளாக் நலச் சங்கத் தலைவன் என்ற முறையில் பாராட்டுத் தீர்மானமே நிறைவேற்றினேன்.

காகிதத்துக்குத்தான் சீல், வாய்க்கு இல்லை. "கோர்ட்டே மூடி வச்சிருக்குன்னா அவ லட்சணத்தைப் பாத்துக்கங்க" என்று கேன்டீனில் மிகுந்த கண்ணியத்துடன் சொல்லிவந்தார் செந்தில்நாதன்.

அவர் மனைவி சந்திரா மகளோடு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு தேடினாள். வீட்டுக்காரர் பன்னீர்செல்வம், விசாரித்துக்கொள்ள என்னையும் வரவழைத்திருந்தார்.

"புருசன வுட்டுட்டு வந்துகினு வூடு கேக்கறியே, தப்பு யாரு மேலன்னு கோர்ட்டுல எழுதியிருப்பாங்கல்ல? அந்தப் பேப்பரக் காட்டும்மா."

"காட்டினா ஒரு நிமிசத்துல புரிஞ்சிடுங்க. ஆனா காட்டக் கூடாது. சீல் வச்சிருக்கு."

"சீல் வச்சிருந்தா நல்லதுதானே! சீல் இல்லாத பேப்பர எவன் மதிப்பான்?"

"இது குத்துற சீல் இல்லீங்க. மூடுற சீல்."

"மூடுற அளவுக்கு என்னம்மா பண்ண?"

சந்திரா என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களாவது சொல்லுங்க. ஒம்போது வருசம், நடுவுல ஒத்தச் செவுரு. அவரு அடிச்சது ஒங்களுக்குக் கேக்கலியா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அடுத்தவங்க குடும்ப விஷயம்மா. தனியுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பன்னீர்செல்வம் சாவியை மடியில் செருகினார். "வேற வூடு பாத்துக்கோ தாயி."

கேட்காமலா? நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். அவள் அலறும்போதெல்லாம் சுவரில் தட்டுவேன். தட்டியதும் அவள் அலறுவதை நிறுத்திவிடுவாள். அவர் அடிப்பதை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.