ஒரு ‘அல்லது’ செய்த வேலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே உங்கள் தங்கையும் நானும் நலம். உங்கள் முழங்கால் வலி உங்களைப் போலப் பிடிவாதம் பிடிக்காமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக்கான நம் மாப்பிள்ளை, தன்னை நாலு பேர் முன்னால் ‘வேலை தெரியாத பயல்’ என்று சொன்ன குடியிருப்புச் சங்கச் செயலாளரை மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டோடு நிறுத்திவைத்து, நிதானமாகச் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, கதவிடுக்கில் வாயை வைத்து “இப்ப வேலை தெரியுதா சார்?” என்று கேட்டதும், அதற்காகக் கீழ்க்கோர்ட்டு ஒரு மாதச் சிறையும், வெளியே வந்தபின் ஒரு வருடம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று ஒரு நன்னடத்தை ஆணையும் சேர்த்துக் கொடுத்ததும் நீங்கள் அறிந்ததே. ஒரு மாதம்தானே, இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளையே சொன்னார். நீங்கள்தான் விடவில்லை. சட்டத்தையே கரைத்துக் குடித்தவர் என்று உங்கள் நண்பரான வக்கீலைக் கைகாட்டினீர்கள். மனிதர் குடித்தது உண்மைதான், செரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சட்டத்தில் ‘சிறை அல்லது நன்னடத்தை ஆணை’ என்று இருக்கிறதாம். “அல்லதுன்னா ஏதாவது ஒண்ணுதான். ரெண்டும் குடுத்தது செல்லாது. சிறை பறந்துடும் பாருங்க” என்றார். மேல்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள். காலை முழுக்க அந்த ஒரு சொல்லைத் துணி துவைப்பது போல அடித்துத் துவைத்தார்கள். குடை அல்லது மழைக்கோட்டு கொண்டுவரலாம் என்றால், இரண்டையும் கொண்டுவருகிறவனை வாசலில் நிறுத்துவோமா என்று அரசு வக்கீல் கேட்டார். கோட்டு போட்டவனுக்குக் குடை எதற்கு என்றார் நடுவிலிருந்த நீதிபதி. ஓரத்திலிருந்தவர், இரண்டும் ஓட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று சந்தேகம் கிளப்பினார். படித்த பெரியவர்கள் இப்படி மழைக்கு ஒதுங்கிக்கொண்டிருக்க, என் மகள் கடைசி பெஞ்சில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தீர்ப்பு வந்தது. நம் வக்கீல் சொன்னதே சரியாம், அல்லது என்றால் ஒன்றுதானாம். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆகவே நன்னடத்தை ஆணை ரத்து. அது போனதால் தண்டனை இலேசாகிவிட்டதாம், அதை ஈடுகட்டச் சிறை மூன்று மாதமாம். அதாவது, ஒழுங்காக இருக்கவேண்டிய கட்டாயம் மாப்பிள்ளைக்கு இனி இல்லை, உள்ளே மட்டும் இருந்தால் போதும். இதைச் சொல்ல மூன்று பேர், மூன்று நாற்காலி, மூன்று தண்ணீர் டம்ளர்!

வக்கீலோ என் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி எல்லாக் கோர்ட்டிலும் நம் வழக்கைத்தான் எடுத்துக்காட்டுவார்கள் என்று பூரித்தார். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மகளிடம் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?” என்று கேட்டாள். நீதிபதிகள் இன்னும் எழுந்திருக்காத அந்த மண்டபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பால் வந்த வினையை இங்கே எழுத மனமில்லை.

உங்கள் வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாரும் கோர்ட்டுப் படி மிதிக்காமல் நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: சிரித்ததற்கு எனக்கும் ஆறு மாத நன்னடத்தை ஆணை. நீதிமன்றத்தை ‘வாயால் அல்லது எழுத்தால்’ இழிவுபடுத்தக் கூடாதாம். அல்லது என்றால் ஒன்றுதானே என்று வாயை மூடிக்கொண்டு மேலே உள்ளதை எழுதினேன். இப்போதுதான் வக்கீல் வந்தார். “ஐயையோ, இந்த அல்லது ரெண்டையும் குறிக்கும். மீறினா ஜெயிலுக்குள்ளேதான்” என்கிறார். ஆகையால் மேற்கண்ட எதையும் நான் எழுதவில்லை. மூன்று நீதிபதிகளும் ஞானச் சுடர்கள், தீர்ப்பு அமிர்தம். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். மைத்துனரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த அல்லதுக்கு இரண்டையும் செய்யுங்கள்.