நான்கு மைலுக்கு நான்கு டயர்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரைக் குறித்துவைக்க வரலாறு தவறிவிட்டது. அந்தச் சக்கரத்துக்கு எந்த டயர் மாட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தவர் விஷயத்திலாவது அப்படியொரு அநீதி நடக்கக்கூடாது. அவர் பெயர் கர்ட் ஹெய்க்கிலா. எங்கள் மாவட்டமான டாமரேக் கவுண்டியின் சாலைத் துறையில் 'குளிர்காலப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்'. வயது ஐம்பத்தொன்று. இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வட மிஷிகனில், ஏரி ஒரு பெருமூச்சு விட்டால் எங்கள் தலையில் ஓரடி பனி விழும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டும். கர்ட்டுக்கு அது ரப்பரில் கிடைத்தது.

அவரிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. அதில் அவர் தினமும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நான்கு மைல் போனார், மாலையில் நான்கு மைல் திரும்பினார். இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் அந்தச் சாலையை அறியாதவர்கள். அறிந்தவர்களோ கேட்கவே மாட்டார்கள். ஏனென்றால், கவுண்டியின் பதினோரு பனி தள்ளும் வண்டிகளும் நிற்கிற கொட்டகைக்குப் போகும் சாலை அதுதான். ஒவ்வொரு வண்டியும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டுப் போகும். ஊரே புதைந்து கிடக்கிற நாளில்கூட அங்கே பாய் விரித்துப் படுக்கலாம்.

அவர் மனைவி பெக்கி, வீடு தேடிப் போகும் நர்ஸ். காட்டுக்குள் தனியாக வாழும் வயதானவர்களுக்கு ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் தினம் அறுபது மைல் சுற்றுவார். பனி தள்ளும் வண்டி மதியத்துக்கு மேல், அதுவும் மனசு வந்தால், எட்டிப் பார்க்கிற சாலைகள். பெக்கி ஓட்டுவது ஒரு சின்ன நீலக் கார். இந்தத் தகவல் டயர் தேர்வுக்குத் தேவையற்றது என்று வாசகருக்குத் தோன்றலாம். கர்ட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பர் முதல் வாரம் ஆய்வு தொடங்கியது. கர்ட் ஒரு கனமான கோப்பு வாங்கினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் பிரிவுகள் இருந்தன. பதினோராயிரம் ஆண்கள் டயர் பற்றி மட்டுமே பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவில் 'பனிப்புலி' என்ற பெயரில் சேர்ந்தார். சேறு, பாறை, மணல், பனி எல்லாவற்றிலும் ஓடக்கூடிய டயர், ஆனால் தார்ச்சாலையில் தேனீக்கூடு மாதிரி இரைச்சல் போடக்கூடாது. சாலையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் ஆழமாக இருக்க வேண்டும், ஆனால் பெட்ரோல் குடிக்கக்கூடாது. குளிரில் ரப்பர் விறைக்கக்கூடாது, கோடையில் தேயக்கூடாது. இவ்வளவு குணங்களும் உள்ள மாப்பிள்ளை கிடைத்தால் பதினோராயிரம் பேரும் தங்கள் பெண்களைக் கட்டிக்கொடுத்திருப்பார்கள்.

கடைசியில் இரண்டு டயர்கள் மிஞ்சின. ஒன்று 'கரடிப்பிடி', மற்றொன்று 'வடதுருவ வேந்தன்'. இரண்டின் பக்கவாட்டிலும் மலைச் சிகரத்துக்குள் பனிப்பூ பொறித்த முத்திரை இருந்தது. பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறியதற்கு அடையாளம் அது. கர்ட் அந்த முத்திரையின் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார்.

ஒருநாள் இறைச்சி அடைத்த பாஸ்டியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பெக்கி பேச்சை எடுத்தார்.

"கர்ட், நேத்து மழையில பிரேக் போட்டேன். என் வண்டி பக்கவாட்டுல போச்சு. டயரைக் கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன் பெக். ஆனா உன்னுது சின்ன வண்டி, சைஸே வேற. அதுக்குத் தனியா ஒரு ஆய்வு ஆரம்பிக்கணும். நடுவுல அவசரப்பட்டா ரெண்டும் கெட்டுடும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"போன வருஷம் நல்ல டயரே வரல."

"சரி, நானே கடைக்குப் போய் மாத்திக்கறேன். அரை மணி நேர வேலை."

கர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "படிச்சுப் பாக்காம டயர் வாங்கறதா? பெக், வீட்டுல இதுக்குன்னே ஒருத்தன் ராப்பகலா உழைச்சுக்கிட்டிருக்கேன். நீ பாட்டுக்குக் கடைக்குப் போய் ஏதோ ஒரு கறுப்பு வளையத்தை மாட்டிக்கிட்டு வந்தா ஊர்ல என்ன சொல்வாங்க?"

அந்தக் குரலில் இருந்த வலி நிஜமானது. பெக்கி "கெட்சப் எடு" என்றார். மறுநாள் கடைக்குப் போகவில்லை.

அக்டோபரில் விவகாரம் வீட்டை விட்டு வெளியேறி அரசாங்க மட்டத்துக்கு உயர்ந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் சாலைத் துறையில் 'பாதுகாப்புக் கூட்டம்' நடக்கும். தலைமை, மேற்பார்வையாளர் டெனிஸ். அன்றைய தலைப்பு, உப்புக் கொட்டகையின் உடைந்த கதவு. கர்ட் தன் கோப்போடு எழுந்து நின்றதும் கதவு தானாக ஒத்திவைக்கப்பட்டது.

"வேந்தன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் கர்ட். "ஒரேயொரு கேள்வி மிச்சமிருக்கு. டயர்ல வெள்ளை எழுத்து இருக்கு. அதை வெளிப்பக்கம் மாட்டறதா, உள்பக்கம் மாட்டறதா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளிப்பக்கம் என்றால் ஆடம்பரம் என்றது ஒரு தரப்பு. உள்பக்கம் என்றால் கோழைத்தனம் என்றது மற்றொரு தரப்பு.

முப்பது வருடமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ரெய்னோ மூலையிலிருந்து கேட்டார். "பனிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"ரெய்னோ, தலைப்பை விட்டு வெளிய போகாதீங்க" என்றார் டெனிஸ்.

"தலைப்பு கொட்டகைக் கதவுல்ல?"

"அது அடுத்த வாரம்."

"போன வாரமும் அடுத்த வாரம்தான். உப்பெல்லாம் நனைஞ்சு கல்லாக் கெடக்கு. எதைப் போட்டு ரோட்டை உருக்கறது?"

"உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம்" என்று டெனிஸ் சொன்னார். குறிக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வெளிப்பக்கம் வென்றது. தோற்றவர்கள் ஒரு வாரம் வென்றவர்களோடு காபி குடிக்கவில்லை.

நவம்பர் எட்டாம் தேதி கர்ட் டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் மார்வ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்க ஓட்டுவே?"

"வீட்டுலேர்ந்து ஆபீசுக்கு."

"அந்தக் கொட்டகை ரோடா? அதுக்குச் செருப்பே போதுமேப்பா."

இப்படிப்பட்டவர்கள் கையில்தான் இந்த நாட்டின் டயர் வணிகம் இருக்கிறது என்று கர்ட் வருந்தினார். ஆனாலும் பெருந்தன்மையாக நான்கையும் மாட்டச் சொன்னார். மாட்டி முடித்ததும் வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், வண்டி அழகாக இருந்தது. உறுமலும் கம்பீரமாக இருந்தது. அந்த உறுமலில் வானொலிச் செய்தி கேட்காமல் போனதை கர்ட் நிம்மதி என்றே எடுத்துக்கொண்டார்.

டயரோடு ஒரு சின்னத் துண்டுச்சீட்டு வந்திருந்தது. முதல் ஐந்நூறு மைல் 'பழக்கக் காலம்', அதுவரை நிதானமாக ஓட்டவும் என்று அதில் இருந்தது. சீட்டைப் படிப்பவர்கள் உலகத்தில் குறைவு. கர்ட் ஏழு முறை படித்தார். நிதானம் என்ற சொல்லின் ஆழத்துக்குள் இறங்கி, புது டயரை ஆழமான பனிக்குள் விடக்கூடாது என்ற பொருளைக் கண்டெடுத்தார்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி ஏரி தன் பெருமூச்சை விட்டது. விடிவதற்குள் இருபத்திரண்டு அங்குலம். கர்ட் வழக்கம்போல நான்கு மைல் போய்ச் சேர்ந்தார். வழியில் பனி எதுவும் அகப்படவில்லை. அது செவ்வாய்க்கிழமை. பாதுகாப்புக் கூட்டத்தில் 'எனது டயர்: முதல் இருபத்து மூன்று வேலைநாட்கள்' என்ற அறிக்கையை அவர் படித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"கர்ட், நான் பள்ளத்துல இருக்கேன்" என்றார் பெக்கி.

"எந்தப் பள்ளம்?"

"ரோட்டோரப் பள்ளம். ஓட்டர் ஏரி ரோடு. எனக்கு அடி ஒண்ணும் இல்ல. மெதுவாத்தான் வந்தேன், வண்டி அதுபாட்டுக்குத் திரும்பி உள்ள இறங்கிடுச்சு. இம்பி அம்மாவுக்குப் பத்தரைக்குள்ள இன்சுலின் போடணும். அவங்களுக்குக் கண்ணு தெரியாது, தானா போட்டுக்க முடியாது. இன்னும் முக்கால் மைல் இருக்கு. உன் வண்டியை எடுத்துக்கிட்டு வா."

"அங்க பனி எவ்வளவு?"

"முழங்காலுக்கு மேல."

"உதிரிப் பனியா, இறுகின பனியா?"

"கர்ட்."

"இல்ல பெக், கேளு. புது டயருக்கு ஐந்நூறு மைல் பழக்கக் காலம். இப்பத்தான் நூத்தி எண்பது ஆயிருக்கு. இப்பப் போய் ஆழத்துல எறக்கினா பட்டன் ஓரமெல்லாம் பிஞ்சுடும். அப்பறம் அஞ்சு வருஷத்துக்கும் அது சரியா வராது."

மறுமுனையில் காற்று ஊளையிட்டது.

"அதைப் பனிக்குன்னுதானே வாங்கின?"

"பனிக்குத்தான். ஆனா இந்தப் பனிக்கு இல்ல."

"சரி" என்றார் பெக்கி. தொடர்பு அறுந்தது.

கர்ட் நெஞ்சுக்குள் எதுவோ குத்துவதை உணர்ந்தார். காலையில் குடித்த காபியாக இருக்கும் என்று முடிவு செய்தார். ரெய்னோவைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ரெய்னோவுக்கு வேறு வழித்தடம் ஒதுக்கப்பட்டிருந்தது, வழித்தடத்தை மாற்ற எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அறிக்கையின் ஆறாம் பக்கத்தைத் திருப்பினார்.

எட்டாம் பக்கத்தில் சுவரோரமிருந்த வயர்லெஸ் கரகரத்தது. ரெய்னோவின் குரல்.

"ஆபீஸ், ஆபீஸ். கர்ட் இருக்காரா அங்க? உங்க வீட்டம்மா ஓட்டர் ஏரி ரோட்டுல நடந்து போய்க்கிட்டிருக்காங்க. பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இடுப்பளவு பனியில. ஒரு ஷூ வேற காணோம். நான் என் வண்டியில ஏத்திக்கிட்டேன். இம்பி அம்மா வீட்டு வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டே போறேன். என் ரூட் இல்லதான். எழுதி வெச்சுக்குங்க."

ஒன்பது பேர் கர்ட்டைப் பார்த்தார்கள். கர்ட் எட்டாம் பக்கத்தைப் பார்த்தார்.

"இதைக் கூட்டக் குறிப்புல எழுதணுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

டெனிஸ் சற்று யோசித்தார். "இது டயர் சம்பந்தப்பட்டது இல்லையே" என்றார்.

இம்பி அம்மாவுக்கு ஊசி பத்தே முக்காலுக்குப் போடப்பட்டது. கிழவி உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து கிடந்தாராம். இன்னும் அரை மணி போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று ரெய்னோ மதியம் வந்து எல்லோரிடமும் சொன்னார். கர்ட்டிடம் மட்டும் சொல்லவில்லை. அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தார்.

மாலை ஆறு மணிக்கு, ரெய்னோ சங்கிலி போட்டு இழுத்துவந்த நீலக் காரோடு பெக்கி வீடு வந்தார். இடது காலில் இம்பி அம்மாவின் காலஞ்சென்ற கணவருடைய பூட்ஸ். கர்ட் சூப் சூடாக்கி வைத்திருந்தார். ரப்பரின் மூலக்கூறுகள் வெப்பத்தில் எப்படி மெல்ல இணங்கிவருகின்றன, அதில் அவசரம் ஏன் கூடாது என்று விளக்கினார். பெக்கி கால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். ஒரு சண்டை இல்லை. ஒரேயொரு சந்தேகம் கேட்டார்.

"மொத்தம் எத்தனை மைல் ஆகணும்?"

"ஐந்நூறு. நான் ஓட்டற ஓட்டத்துக்குப் பிப்ரவரி ஆயிடும்."

கடைசியில் இவளுக்கும் டயர்மேல் ஆர்வம் வந்துவிட்டது என்று கர்ட் மனம் நெகிழ்ந்தார். அன்று நன்றாகத் தூங்கினார்.

காலையில் அவர் எழுந்துவந்தபோது பெக்கி கோட்டு, குல்லா எல்லாம் போட்டுத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கையில் பிக்கப் வண்டியின் சாவி.

"இன்னும் முந்நூத்திப் பதினாறு மைல் பாக்கி. நான் ஒரு நாளைக்கு அறுபது ஓட்டறேன். அஞ்சரை நாளுக்குள்ள பழக்கித் தர்றேன். நீ பிப்ரவரி வரைக்கும் கஷ்டப்படாத."

கர்ட் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். கணக்கில் தவறு இல்லை. தவறில்லாத கணக்கை எதிர்ப்பது அவர் பயிற்சிக்கு விரோதமானது.

"நான் எதுல போறது?"

பெக்கி நீலக் காரின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

கர்ட் பின்னாலேயே ஓடினார். நிபுணர் எந்த வண்டியிலும் சும்மா ஏறிவிடுவதில்லை. நீலக் காரின் முன்சக்கரத்தருகே பனியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, டயரை விரலால் தடவினார். அடுத்த டயருக்குத் தவழ்ந்தார். அடுத்ததற்கு. ஒரு கோப்பு இல்லை, ஓர் ஓட்டெடுப்பு இல்லை, நாற்பது நொடியில் ஆய்வு முடிந்துவிட்டது.

"பெக்! இது மொட்டை! நாலும் மொட்டை! பட்டன்னு ஒண்ணு இருந்ததுக்கு அடையாளமே இல்ல. உள்ள இருக்கற கம்பி தெரியுது இங்க! ஐஸ்ல இதை ஓட்டினா நேரா சவப்பெட்டிதான். நான் இதுல ஏறமாட்டேன். நாலு மைல் என்ன, நாலடி போகமாட்டேன். இந்த டயரோட ஒரு மனுஷனை ரோட்டுக்கு அனுப்பறவனைப் பிடிச்சு உள்ள தள்ளணும்!"

பெக்கி பிக்கப்பின் கண்ணாடியை இறக்கினார்.

"ரெண்டு குளிர்காலமா நான் அதுலதான் போறேன், கர்ட். யாரை உள்ள தள்ளணும்னு செவ்வாய்க்கிழமை கூட்டத்துல ஓட்டெடுப்பு நடத்திச் சொல்லு."

வண்டி கிளம்பியது. வாசல் முனையில் இடுப்பளவுக்குக் குவிந்திருந்த பனிமேட்டில் ஒரு சறுக்கல் இல்லாமல் ஏறி, இறங்கி, வெள்ளை எழுத்துகள் மின்ன, ஓட்டர் ஏரிப் பக்கம் திரும்பி மறைந்தது. கர்ட் மண்டியிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டயர்களைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.