பெயர் வைக்குமுன் வறுபட்ட மீன்

தென்காசி,
2-8-1961

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி கடற்கரை அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் வேல்சாமி அநேக கும்பிடுகளுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சேமம். தூத்துக்குடியில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சேமமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் அதையும் எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டில் தாங்கள் வறுத்துத் தின்றது என்ன தெரியுமா? மீன் என்பீர்கள். அது வெறும் மீனாய்யா? முப்பது வருஷம் கரும்பலகையில் மாம்பழமும் கூஜாவும் வரைந்து ஓய்ந்த நான், இந்த இரண்டு வருஷமாகச் சிற்றாற்று மீன்களை ஒவ்வொன்றாக வரைந்து வருகிறேன். இருபத்திரண்டு வகை முடித்திருந்தேன். தெருவில் என்னை மீன் வாத்தியார் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். போன மாதம் யானைப்பாலத்துக்குக் கீழே வலை வீசும் ஆதம் என்னைக் கூப்பிட்டு ஒரு மீனைக் காட்டினார். ஒரு சாண் நீளம், வாலுக்கு முன்னே கறுப்புப் பொட்டு, செதிலின் ஓரமெல்லாம் தங்கக் கம்பி இழைத்தது போல மஞ்சள். “நாப்பது வருசமா இந்த ஆத்துல கெடக்கேன் வாத்தியாரே, இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல” என்றார். அதை உயிரோடு குடத்தில் ஏந்தி வந்து, என் கல்யாணச் சீரான பித்தளை அண்டாவில் விட்டு, இரண்டு வேளையும் ஆற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். ஓடுகிற மீனுக்குச் செதில் எண்ணுவது என்றால் என்னவென்று தங்களுக்குத் தெரியாது. செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கவாட்டுக் கோட்டில் இருபத்து நான்கு செதில் என்று உறுதிப்பட எனக்கு மூன்று நாள் ஆனது, கழுத்து இன்னும் திரும்பவில்லை. படத்தைப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருக்கும் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு அனுப்பினேன். இப்படி ஒரு மீன் சிற்றாற்றில் இருப்பதாக எவரும் எழுதியதில்லை, நேரில் பார்க்க வியாழக்கிழமை வருகிறேன், உயிரோடு வைத்திருங்கள் என்று பதில் போட்டார். என் ஆயுளில் படித்த மனிதர் ஒருவர் என்னை நம்பி ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை.

தாங்களோ அதற்கு முந்தின நாளே குற்றால சீசனுக்கென்று ஆறு பேரோடு வந்து இறங்கினீர்கள். வந்ததைக் குறை சொல்லவில்லை. வியாழன் காலை ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிற்றில் நெருப்போடு திரும்பினீர்கள். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். தங்களோடு வந்திருந்த என் மகள் வள்ளித்தாய், தங்கள் மருமகள், அப்பா படிப்பதற்கு வைத்திருக்கிற மீன் மாமா, தொடாதீர்கள் என்று தடுத்திருக்கிறாள். அதற்குத் தாங்கள் திருவாய் மலர்ந்தருளியதை அவள் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்: “மீனப் படிக்கதுக்கா? நான் அம்பது வருசமாத் தின்னுதேன், அதுல ஒரு எழுத்தக்கூடக் காணல. எண்ணெயக் காய வைம்மா.”

பேராசிரியர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அளவுகோலும் நோட்டும் எடுத்துக்கொண்டு, மீன் எங்கே என்று கேட்டார். தாங்கள் இலைக்கு முன்னே இருந்து ஏப்பம் விட்டபடி, “இப்பத்தான் சார் சாப்பிட்டு முடிச்சேன், நீங்க ஒக்காருங்க” என்றீர்கள். அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ குனிந்து, தங்கள் எச்சில் இலையிலிருந்து தலையையும் முள்ளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழைய பேப்பரில் மடித்தார். அதைப் பார்த்தும் தாங்கள், “வீட்டுல பூனை வளக்கேளோ?” என்று விசாரித்தீர்களே, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் கிடந்து குடைகிறது.

அன்றே பேசியிருப்பேன். என் வீட்டுக்காரி முருகம்மாள் என்னைப் புறவாசலுக்கு இழுத்துப்போய், “சம்பந்தி வாயில போன மீனுக்காக நீரு சண்ட போட்டா, நம்ம பிள்ள அங்கன எப்படி வாழும்?” என்றாள். அடுப்படியில் வள்ளித்தாய், வேண்டாமென்றுதானே சொன்னேன் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவளை ஒரு சொல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களை ரயில் ஏற்றும்போது சிரித்தேன், பலாப்பழமும் தந்தேன். அந்தச் சிரிப்பு பொய், பலாப்பழமும் நல்லதாக இருந்திராது. மறுநாளே மலையில் மழை கொட்டி ஆறு செந்தண்ணீராகப் போகிறது. ஆதம் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார். அந்த மீனை இனி எந்தப் பிறவியில் பார்ப்பேனோ.

ஆகையால் தெரிவிப்பது என்னவென்றால், அடுத்த சீசனிலிருந்து குற்றாலத்தில் சத்திரம் பார்த்துக்கொள்ளவும். என் வீட்டு நடையைத் தாங்கள் மிதிக்க வேண்டாம். தீபாவளிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் மட்டும் அனுப்பினால் போதும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், சம்பந்தியம்மாளுக்கு என் மரியாதை. தங்களுக்கு முறைப்படி உள்ள கும்பிடு.

இப்படிக்கு,
வே. வேல்சாமி

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் சமயம் பேராசிரியர் கடிதம் வந்தது. இந்தச் சாதி மீனுக்குத் தொண்டைக்குள் இருக்கும் பல்லைப் பார்த்துத்தான் இன்னதென்று தீர்மானிப்பார்களாம். தாங்கள் சதையை அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தபடியால் பல் துலக்கமாகத் தெரிந்ததாம். மலைக்கு மேற்கேதான் உண்டு என்று இதுவரை நினைத்திருந்த மீன், சிற்றாற்றுக்குப் புதிது, அறிக்கையில் என் பெயரும் வருகிறது. ஆனால் ‘உண்ண உகந்ததா, சுவை எப்படி’ என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறதாம். அவர் சைவர். ஆதமும் தின்றதில்லை. தின்றவர் வாக்குமூலத்தை அவர் பெயரோடு அச்சிட வேண்டும் என்கிறார். ஆகவே கடிதம் கண்டதும் அடுத்த ரயிலில் புறப்பட்டு நம் வீட்டுக்கே வரவும், ஸ்டேஷனில் நிற்பேன். வேறு இன்லண்டு லெட்டர் கைவசம் இல்லாததால் இதிலேயே எழுதினேன். மேலே உள்ளதைப் படிக்காமல் விட்டுவிடவும்.