பெண் பார்க்கப் போய்ப் பல் பார்த்தது

அரைகுறையாகப் படித்தவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அதிலும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் (என்னைத்தான் சொல்கிறேன்) ஊருக்கே ஆபத்து.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் சரிகைக் கடை வேலை எனக்கு. மாகறல் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண், சிரிக்கும்போதெல்லாம் தாவணியால் வாயை மூடிக்கொள்வாள். அந்தச் சிரிப்பை முழுசாகப் பார்க்க ஏங்கி ஏங்கி, கடைசியில் அம்மாவை நச்சரித்துப் பெண் பார்க்கவே கிளம்பிவிட்டேன்.

அவள் அப்பா உழவு மாடு வாங்கி விற்பவர். கேசரி வந்தது. "இன்னாபா, நெறைய படிப்பியாமே? இன்னா படிக்கிற?" என்றார்.

போதாதா? ஆதிகாலக் குரங்குகளின் எலும்பு மக்கினாலும் பல் மட்டும் கல்லாகி நிற்கும் என்றேன். அதை அறுத்துப் பார்த்தால், வளர வளர விழுந்த கோடுகள் சேலையில் குறுக்கே ஓடும் ஊடை இழை மாதிரி வரிசையாகத் தெரியும். கடைவாய்ப் பல் சீக்கிரம் முளைத்தால் குட்டி சீக்கிரம் பெரிதாகிவிடும்; தாமதமானால் நெடுநாள் அம்மா மடியிலேயே கிடக்கும். "நம்ம புள்ளைங்களுக்குத்தான் ரொம்ப லேட்டு மாமா!"

"அட!" என்றார். அந்த ஒரு 'அட' என் தலைக்கேறிவிட்டது. உள்கதவோரம் நின்றவளை எப்படியாவது பேசவைக்க வேண்டும்.

"உங்களுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லு முளைச்சிடுச்சுங்களா?"

மாமா தட்டைக் கீழே வைத்தார். "ஏம்பா, சந்தைல மாட்டுக்குத்தான் பல்லப் புடிச்சு வயசு பாப்போம். எம்பொண்ணு இன்னா மாடா?"

"ஐயோ, குரங்குக்குக்கூட..."

"இப்போ கொரங்கா?"

அம்மா என் சட்டையைப் பிடித்து எழுப்பினாள். "வாடா. கேசரிய வேற துன்னு தொலச்சிட்ட."

படி இறங்கும்போது திரும்பினேன். வீடே என்னை முறைத்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பின்னால், அவள் வாயை மூட மறந்து, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தையில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம். அதன்பின் அந்த பஸ் எனக்கு வெறும் பஸ்தான்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், "பல்லப் பத்திப் பேசாம வாங்கப்பா!" என்று வழியனுப்புவது என் மனைவிதான். போன மாதமும் சொல்லிச் சிரித்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, அந்தப் பொண்ணு அப்போ மூஞ்சிய எப்படி வச்சினு இருந்துச்சு?"

"நான் எங்க பாத்தேன்? தலையக் குனிஞ்சுக்கினுல்ல வந்தேன்" என்றேன்.