உச்சோ அண்ணன் சொன்ன காற்று

இந்த ஆகஸ்டில் கிழக்குக் கடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

எங்கள் மாலியே ஊருக்கு இரண்டு கடல். கிழக்கே அரை மணி, மேற்கே அரை மணி. வாடை அடித்தால் கிழக்குக் கடல் பொங்கும். எல்லோரும் மேற்கே போவோம். தெற்குக் காற்று அடித்தால் மேற்குக் கடல் கலங்கும், எல்லோரும் கிழக்கே. தெற்கிலிருந்து வருகிறதே என்று அதைத் தென்றல் என்றால் தென்றல் கோபித்துக்கொள்ளும். ஈரத் துண்டை முகத்தில் போட்டு அமுக்குகிற மாதிரி ஒரு காற்று. இத்தாலியின் இந்தக் கோடியில் ஆண்பிள்ளை காலையில் முதலில் காற்றைப் பார்ப்பான், பிறகு மனைவி முகத்தைப் பார்ப்பான். நான் இரண்டையும் பார்த்துப் பயப்படுகிறவன்.

மேற்கே மணல். நூறு மீட்டர் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கிழக்கே பாறை. அங்கிருந்து குதித்தால் கால் எதிலும் படாது. எனக்கு நீந்தத் தெரியாது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். மூன்று வயதில் அப்பா என்னை பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊருக்குத் தூக்கிப் போய்விட்டார். அந்தப் பள்ளியில் இரண்டு மொழி கற்றுக்கொடுத்தார்கள், மிதக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இருபத்தொன்பது வயதில் ஊர் திரும்பி, மீனவர் மகள் செசாரியாவைப் பெண் கேட்டேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. நீந்தத் தெரியுமா? இரண்டு மொழியிலும் தெரியும் என்றேன்.

அன்று முதல் பத்தொன்பது வருடமாக மேற்குக் கடலில் முழங்காலை மணலில் ஊன்றி நகர்ந்துகொண்டு, கைகளை மட்டும் வீசி வருகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒலிம்பிக்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆபத்து வந்தது. காய்ந்த ரொட்டியின் மேல் தக்காளியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே செசாரியா சொன்னாள்.

"என்னங்க, இந்த வருஷம் லீவு ஒரு வாரமும் கிழக்கேதான்."

"கிழக்கேயா? காத்து?"

"தெக்குக் காத்துதான் அடிக்கப்போகுதாம்."

"யார் சொன்னா?"

"என் மூட்டு சொல்லுது."

"உன் மூட்டு போன வருஷம் மழைன்னு சொல்லிச்சு. கடலுக்கு மழைக்கோட்டு தூக்கிட்டுப் போனோம்."

"அதைத்தான தலைக்கு வச்சு நாலு மணி நேரம் குறட்டை விட்டீங்க. இந்தத் தடவை தூக்கமெல்லாம் கிடையாது. பாறை மேல நின்னு, கைகோத்து, ரெண்டு பேரும் ஒண்ணாக் குதிக்கணும்."

கைகோத்து.

எதிர் பால்கனி உச்சோ அண்ணன் நாற்பது வருடம் சரக்குக் கப்பலில் சமைத்தவர். தினம் காலை ஏழு மணிக்கு ஆள்காட்டி விரலை எச்சில் பண்ணி உயர்த்துவார். அவர் சொல்வதுதான் தெருவுக்குக் காற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் கறுப்பு ஒயினோடு போய் நின்றேன்.

"அண்ணே, நாளைக்கு வாடை அடிக்கணும்."

"அடிக்கிறது நானில்ல தம்பி, காத்து."

"நீங்க சொன்னா அடிச்ச மாதிரிதாண்ணே."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "லேசான வாடையா, பலமான வாடையா?"

"கிழக்கே ஒரு ஈகூடப் போகக்கூடாது."

"அப்ப இன்னொரு பாட்டில் ஆகும்."

கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை காற்றே இல்லை. தெரு முழுக்கக் காயப்போட்ட படுக்கைவிரிப்புகள் சுவரில் ஒட்டிய சுவரொட்டி மாதிரி அசையாமல் தொங்கின. உச்சோ அண்ணன் விரலை உயர்த்தினார். "வாடை. பேய் வாடை. இன்னைக்குக் கிழக்கே போறவன் தலையில முடி மிஞ்சாது."

சொன்னவருக்கு முழு வழுக்கை. ஆனாலும் தெருவே தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

செசாரியா விரிப்புகளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப மேற்கேதானா?" முகம் வாடிப்போயிற்று.

"என்ன செய்ய? காத்தோட மல்லுக்கு நிக்க முடியுமா?"

வென்றவனுக்கு உடம்பில் தனித் தெம்பு வருகிறது. வழக்கமாகக் கடலுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆக்குகிறவன் நான். அன்று கத்தரிக்காய்த் தட்டு, தர்ப்பூசணி, நாற்காலி, குடை எல்லாம் நானே வண்டியில் ஏற்றினேன். அவள் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டுமே. பத்து மணிக்கு மணலில் நின்றோம்.

தண்ணீரோரம் ஒரு கயிறு கட்டியிருந்தது. கையில் ஆரஞ்சு நிறக் காற்றுப் பை மாட்டிய எட்டுக் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். விசில் தொங்கவிட்ட ஓர் இளம்பெண் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "பந்தலேயோ."

என் பேரை எந்தக் குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களைத்தான்" என்றாள் செசாரியா.

"என்னது இது?"

"நீச்சல் வகுப்பு. ஜூன்லயே பேர் குடுத்துட்டேன். பத்து மணிக்கு ஆரம்பம். வாங்க மேற்கே போலாம்னு கூப்பிட்டிருந்தா, இந்நேரம் வீட்ல பல்லு விளக்கிட்டிருப்பீங்க. கிழக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், பாருங்க, குடையும் கையுமா நிக்கிறீங்க."

"அப்ப உச்சோ அண்ணன்..."

"நானும் ஒரு பாட்டில் குடுத்தேன்."

"எனக்கு நீந்தத் தெரியாதுன்னு உனக்கு..."

"நீந்துறவங்களுக்கு முழங்கால் சிராய்க்குமாங்க? பத்தொன்பது வருஷமா மருந்து போடறவ நான்." கடலைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "தனியா நீந்தி அலுத்துப்போச்சு. அவ்வளவு தூரம் போய்த் திரும்பிப் பாத்தா, நீங்க கரையோரமா கையை வீசிட்டிருப்பீங்க. என்னைத்தான் கூப்பிடறீங்களோன்னு எத்தனை தடவை பாதியில திரும்பி வந்திருக்கேன் தெரியுமா?"

குனிந்து என் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனாலும் மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. விசில்காரப் பெண்ணிடம் போய் நெஞ்சை நிமிர்த்தினேன். "இங்க பாரும்மா, எனக்கு நாப்பத்தெட்டு வயசு. சம்மதம் இல்லாம யாரையும் நீ வகுப்புல சேக்க முடியாது."

அவள் பொறுமையாகக் காகிதத்தைப் புரட்டினாள்.

"சம்மதம் இருக்குங்க. பாதுகாவலர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."