சிவந்த கண் நிபுணர்

உங்கள் குடியிருப்பிலும் ஒருவன் இருப்பான். லிஃப்டில் நீங்கள் லேசாகக் கண்ணைக் கசக்கினால் போதும். இறங்க வேண்டிய மாடி வருவதற்குள் நோயின் பெயர், அது வந்த காரணம், போட வேண்டிய சொட்டு மருந்து, சாப்பிடக் கூடாத காய்கறி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பான். மருத்துவம் படித்திருக்க மாட்டான். அதுதான் அவன் பலம். படித்தவர்கள் யோசிப்பார்கள், இவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சிவந்த கண் நிபுணர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். கேளம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் இந்தப் பதவியை வகிப்பது யார் என்கிறீர்களா? அடியேன்தான்.

பிழைப்புக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிறேன். வீடு திரும்பியதும் அடுத்தவர்கள் உடம்பில் கண்டுபிடிப்பேன். நிபுணருக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. “பார்த்தாலே தெரியுதே.” “இதுக்கெல்லாம் போய் டாக்டரா?” பிறகு, எந்தச் சிவந்த கண்ணுக்கும் பொருந்தும் ஒரே தீர்ப்பு: “மெட்ராஸ் ஐ.” வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்மணியைக்கூடக் கறுப்புக் கண்ணாடி போட வைத்தவன் நான்.

அப்படிப்பட்டவனின் வலது கண் ஒரு நாள் சிவந்தது.

உறுத்தல் இல்லை, பீளை இல்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கூசியது. தெருவிளக்கைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் மந்தமாக ஒரு வலி. சிவப்பைத் தவிர மெட்ராஸ் ஐ-க்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. அதனால் என்ன? மெட்ராஸ் ஐ என்றே தீர்ப்பளித்தேன். வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டவில்லை என்பதை என் சுத்தத்துக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டேன்.

“கண்ணு ஒரு மாதிரியா கீதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?” என்றாள் என் மனைவி ஜெயப்பிரியா.

“இன்னாத்துக்கு? ஃபிரிட்ஜுல டிராப்ஸ் இருக்குதே.”

யாருக்கோ, எதற்கோ, எப்போதோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து அது. போட்டேன். சிவப்பு வடிந்தது. என் ஆணவம் ஏறியது. மருந்துப் புட்டியைப் படம் பிடித்து, ‘சிவந்த கண்ணுக்கு இதுவே கைகண்ட மருந்து’ என்று குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. எதிர்வீட்டு ரவிச்சந்திரன் மட்டும் தனியாக, “எனக்கும் ஒரு கண் சிவந்திருக்கு, போடலாமா சார்?” என்று கேட்டார். “தாராளமாக” என்று பதில் அனுப்பினேன். தாராளம் எப்போதும் என் பெருங்குணம்.

சில நாட்களில் சிவப்பு திரும்பி வந்தது. கூடவே பார்வையில் ஒரு பனிமூட்டம். ஆபீசுக்குக் கிளம்பியவன் சிறுசேரி என்று நினைத்து ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கச் சொன்ன இடத்தில் படகுகள் நின்றன. மீன் வாடை அடித்தது. கோவளம்.

“போர்டு பாக்கலியா நைனா? கண்ணு இன்னா இப்டி கீது?” என்றார் ஆட்டோ ஓட்டிய எல்லப்பன். “உடம்பு சூடு. வெளக்கெண்ண வெச்சுப் படு, காலையில பூடும், பாத்துக்கோ.”

எனக்கு ஆத்திரம் வந்தது. படிப்பறிவு கொஞ்சமும் இல்லாமல் ஊரார் கண்ணுக்கு வைத்தியம் சொல்ல இந்த மனிதருக்கு என்ன துணிச்சல்!

அன்றே ஜெயப்பிரியா என்னைச் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் மருத்துவர் ரெஜினாவின் அறையில் அடுத்த நோயாளியையும் உள்ளே பெஞ்சில் உட்கார வைப்பது வழக்கம். நாங்கள் நுழைந்தபோது பரிசோதனை நாற்காலியில் இருந்தவர் ரவிச்சந்திரன். பக்கத்தில் அவர் மனைவி துர்காதேவி. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் பஞ்சைத் திரித்து ஊசிபோல ஆக்கி ரவிச்சந்திரனின் சிவந்த கண்ணில், கருவிழி மேல் மெல்லத் தொட்டார். மனிதர் இமைக்கவே இல்லை.

“என்ன தைரியம் சார் உங்களுக்கு!” என்றேன் பெஞ்சிலிருந்து.

“அது தைரியம் இல்லைங்க. அந்த இடத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கு” என்றார் டாக்டர். “ஹெர்பிஸ் வைரஸ் செய்யற வேலை. கருவிழியில புண், உள்ளேயும் அழற்சி. இந்த நிலையில வெறும் ஸ்டீராய்டு டிராப்ஸ் போட்டா புண் பரவும். யார் உங்களுக்கு அதைச் சொன்னது?”

ரவிச்சந்திரன் நல்ல மனிதர், தரையைப் பார்த்தார். துர்காதேவி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த திசையை டாக்டரும் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் இடம் இருந்திருந்தால் அங்கே போயிருப்பேன்.

என் முறை வந்தது. பஞ்சு பட்டதும் துள்ளினேன். கருவி வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “மெட்ராஸ் ஐ கண்ணோட வெளிப்பக்கம் வர்றது. உங்களுக்குக் கண்ணுக்குள்ளே அழற்சி. கண் பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. வைரஸ்னுதான் சந்தேகம்.”

“அப்ப அவருக்கு வந்ததேதான் எனக்கும்” என்றேன். பழக்கம் விடுமா?

“ஒரே கண்ணுல வரும், பிரஷர் ஏத்தும். அதுவரைக்கும் இந்த வைரஸ் எல்லாம் ஒரே மாதிரிதான். உதட்டுல கொப்புளம் கொண்டு வர்ற ஹெர்பிஸா இருக்கலாம். சின்ன வயசுல அம்மையா வந்துட்டு உடம்புக்குள்ளேயே தூங்குற வைரஸா இருக்கலாம். சி.எம்.வி.ன்னு ஒண்ணு இருக்கு, அதாவும் இருக்கலாம். அது நிறைய பேர் உடம்புல சும்மா கிடக்கும். சிலருக்குத்தான் கண்ணுல கிளம்பும். ஒண்ணுக்குக் கேக்குற மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது.”

“எனக்கு எது மேடம்?”

“தெரியல.”

வாழ்நாளில் நான் ஒரு தடவைகூடச் சொல்லியிராத வார்த்தை. அத்தனை வருஷம் படித்தவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கண்ணுக்குள்ளிருந்து துளி நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். கண்ணில் ஊசி! ஜெயப்பிரியாவின் கையை நான் பிடித்த பிடியில் அவள் வளையல் நெளிந்தது.

முடிவு வரும் வரை நிபுணர் சும்மா இருப்பாரா? எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தது. ஆகவே அம்மை வைரஸ்தான் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் செய்து அறிவித்தேன்.

வந்தது சி.எம்.வி.

அதற்கான மருந்து தொடங்கியதும் மூட்டம் கலைந்தது, பிரஷர் இறங்கியது. ஆனால் நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஏறிக் கிடந்த பிரஷர் நரம்பைத் தின்றிருந்தது. வலது கண் பார்வையின் மேல் மூலையில் ஒரு துண்டு இல்லை. “போனது வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்” என்றார் டாக்டர். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜெயப்பிரியா என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரவிச்சந்திரனின் புண் ஆறியது. கருவிழியில் மெல்லிய தழும்பு நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். துர்காதேவி காபி கொடுத்தாள், சிரிக்கவில்லை. ரவிச்சந்திரன்தான், “விடுங்க சார், நானும்தானே கேட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கொஞ்ச நாளா முழங்கால் வலிக்குது. இன்னாவா இருக்கும்?” என்றார்.

என் வாய் திறந்தது. பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், முழங்காலை எனக்குப் பார்த்தாலே தெரியும். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு, “தெரியல சார்” என்றேன். அந்த மனிதர் முகத்தில்தான் எவ்வளவு ஏமாற்றம்!

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டிருந்தபோதே ஒரு முகம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். மாமாவோ, ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரரோ, ஒரு கண் சிவந்து திரிபவர். ‘அவருக்கும் இதுதான்’ என்று முடிவு கட்டியிருப்பீர்கள். ஹெர்பிஸா, சி.எம்.வி.யா என்பதுவரைக்கும். சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாயிற்றா? பதவியை விட்டு நான் விலகிய பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாருங்கள், வந்து உட்காருங்கள்.